தங்கத் துகள், சிவப்பு ஒளி, நாக்கில் புற்று: அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

பிப்ரவரி 6, மாலை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மெர்பேங்க் பகுதி வாசகி கேட்டது

என் அத்தானுக்கு வயது 58. நாக்கின் ஓரத்தில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. இரண்டாம் நிலை என்கிறார்கள். மாத இறுதியில் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இதற்கிடையில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் உறவினர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். தங்க நானோ துகளை ஊசியில் ஏற்றி, மேலே ஒளியைக் காட்டினால் கட்டி கரைந்துவிடுமாம். கத்தியே வேண்டாமாம். அத்தான் அதைப் பார்த்ததிலிருந்து "ஆறு மாதம் பொறுப்போம், நம் நாட்டில் தங்கத்துக்கா பஞ்சம், இங்கேயும் வந்துவிடும்" என்கிறார். அக்காவுக்கு அழுகை நிற்கவில்லை. இது உண்மையா? இங்கே கிடைக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு

தள்ளிப்போட வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

நாக்கில் இரண்டாம் நிலையில் இருப்பது கத்திக்கு எட்டுகிற கட்டி. ஆறு மாதம் விட்டால் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போய்விடலாம். அதன் பிறகு இதே அறுவை பெரிதாகும், கதிர்வீச்சும் மருந்தும் கூடவே வரும். அத்தானிடம் இன்றிரவே சொல்லுங்கள். வீடியோவில் இருப்பது முழுப் பொய் இல்லை. அதனால்தான் அது ஆபத்தானது. எது உண்மை, எது இன்னும் தொலைவில் இருக்கிறது என்று நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 7

நான் மருத்துவர் இல்லை. டர்பனில் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளை இயந்திரத்தின் கீழ் கிடத்தி, முகமூடி பொருத்தி, கதிரைச் செலுத்தும் வேலையில் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவள். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளைத்தான் அதிகம் பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்தும், ஓய்வு பெற்ற பிறகு விடாமல் படித்து வருவதிலிருந்தும் சொல்கிறேன்.

வீடியோ இரண்டு வேறு சிகிச்சைகளை ஒன்றாகக் குழப்புகிறது. இரண்டிலும் ஒளி உண்டு. ஆனால் ஒளி செய்கிற வேலை வேறு.

முதலாவது ஃபோட்டோடைனமிக் சிகிச்சை. இதற்கு ஒளியை உறிஞ்சும் ஒரு சாயம், அந்தச் சாயத்துக்குப் பொருந்தும் நிறத்தில் ஒளி, திசுவில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன் ஆகிய மூன்றும் வேண்டும். சாயம் இருட்டில் ஏறக்குறைய சும்மா இருக்கும். ஒளி பட்டதும் அதன் மூலக்கூறு கிளர்ச்சி அடைந்து, அந்த ஆற்றலைப் பக்கத்திலுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுத்துவிடுகிறது. அப்போது உண்டாகும் சிங்லெட் ஆக்சிஜன் என்ற ஆற்றல் மிகுந்த ஆக்சிஜன் கையில் பட்டதையெல்லாம் அரிக்கும். செல்லின் சவ்வு, புரதம், கொழுப்பு எதுவும் தப்பாது. ஆனால் அதன் ஆயுள் மிகமிகக் குறைவு. ஒரு செல்லின் அகலத்தைக்கூட அது தாண்டுவதில்லை. ஆகவே சாயமும் ஒளியும் எங்கே சேர்ந்து இருக்கின்றனவோ அங்கே மட்டும்தான் சேதம்.

இரண்டாவது வெப்பச் சிகிச்சை. தங்கத் துகள் ஒளியை உறிஞ்சிச் சூடாகிறது, சுற்றியுள்ள செல்கள் வெந்துபோகின்றன. இதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. உங்கள் உறவினர் அனுப்பிய வீடியோவின் தலைப்பு இதைப் பற்றியது, படங்கள் முதலாவதைப் பற்றியவை.

பிப்ரவரி 7, பிற்பகல்

"நேற்று கண்டுபிடித்ததை நாளை எப்படி நம்புவது" என்று டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்து அண்ணா ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணா, இது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. 1900-இல் மியூனிக் நகரில் ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர் அக்ரிடீன் சாயத்தில் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிர்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒளி படும்போது அவை செத்தன, ஒளி இல்லாதபோது பிழைத்தன. அவருடைய ஆசிரியர் ஃபான் டாப்பைனர் 1903-இல் இயோசின் சாயத்தைத் தோல் கட்டியில் தடவி ஒளியில் வைத்துச் சிகிச்சை அளித்தார். சில ஆண்டுகள் கழித்து மேயர்-பெட்ஸ் என்ற மருத்துவர் ஹெமட்டோபார்ஃபிரின் என்ற ஒளியுணர் பொருளைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு வெயிலில் போனார். முகமும் கையும் வீங்கிவிட்டன. வெயிலைக் கண்டால் தோல் துடிக்கும் நிலை வாரக்கணக்கில் நீடித்தது.

நவீன மருத்துவத்துக்குள் இதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் பஃபலோ நகரில் வேலை செய்த தாமஸ் டோகர்ட்டி. 1978-இல் 25 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டார். அந்த வழியில் வந்த ஃபோட்டோஃபிரின் மருந்துக்கு 1993-இல் கனடாவும் 1995-இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன.

நானோ என்பது மட்டுமே புதிது. சாயத்தை எதில் ஏற்றி அனுப்புவது, ஒளியை எதைக் கொண்டு பிடிப்பது என்ற கேள்விகளுக்குத்தான் நானோ துகள்கள் பதில் தேடுகின்றன.

பிப்ரவரி 9

தங்கத்துக்கு வருகிறேன். அத்தானின் நம்பிக்கை அதில்தானே இருக்கிறது.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் ஆகிய இரு பெண் விஞ்ஞானிகள் ஒரு சிலிக்கா உருண்டையின்மேல் மெல்லிய தங்க ஓடு பூசினார்கள். ஓட்டின் தடிமனை மாற்றினால், அது உறிஞ்சும் ஒளியின் நிறமும் மாறுகிறது. நகைக்கடைத் தங்கம் மஞ்சளாகத் தெரியும். இந்த அளவில் அதே தங்கம், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை விழுங்கும்படி செய்யப்படுகிறது. அந்த ஒளிதான் சதைக்குள் சற்று ஆழமாகப் போகும். 2003-இல் எலிகளில் காட்டினார்கள். முழுத் துகளின் விட்டம் சுமார் 150 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2019-இல் வெளியாயின. புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 16 ஆண்கள் சேர்ந்தார்கள், 15 பேருக்குச் சிகிச்சை முழுமையாக நடந்தது. துகளை முதல் நாள் ரத்தத்தில் ஏற்றினார்கள். மறுநாள் ஸ்கேன் படத்தின் வழிகாட்டலில் லேசர் இழையைச் சுரப்பிக்குள் ஊசிபோலச் செலுத்தி 810 நானோமீட்டர் ஒளியைக் கொடுத்தார்கள். சிறுநீர் கழிப்பதிலும் ஆண்மையிலும் பெரிய பாதிப்பு இல்லை. நல்ல முடிவு. நான் மகிழ்ச்சியுடன் படித்தேன்.

ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள், 16 பேர். அதுவும் புராஸ்டேட்டுக்குள் அடங்கிய, தேர்ந்தெடுத்த கட்டிகள். நாக்கு இல்லை. மேலே ஒளியைக் காட்டினால் போதும் என்பதும் இல்லை, சதைக்குள் இழையைக் குத்த வேண்டும்.

தங்கத்துக்குப் பஞ்சமில்லை என்று அத்தான் சொல்வது சரிதான். 1886-இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைத்ததால்தான் ஜோகன்னஸ்பர்க்கே உருவானது. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மின்டெக் என்ற அரசு ஆய்வு நிறுவனம் தங்க நானோ துகள்களில் வேலை செய்வதும் உண்மை. ஆனால் இங்கே தடையாக நிற்பது தங்கம் இல்லை. தடைகளைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, இரவு

இருட்டறையில் கைப்பேசி டார்ச்சின் மேல் விரல்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். வெள்ளை ஒளி உள்ளே போகிறது, வெளியே வருவது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிட்டது. அதனால்தான் ஃபோட்டோஃபிரினுக்கு 630 நானோமீட்டர் சிவப்பு. அந்தச் சிவப்புகூடச் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் கட்டியைக் கொல்லும் வலுவோடு போகும்.

பிப்ரவரி 10

மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஒரு தம்பி மஞ்சளைக் கொண்டுவந்திருக்கிறார். மஞ்சளில் உள்ள குர்குமின் ஒளியுணர் பொருள்தான், தம்பி. ஆனால் அது நீல ஒளியை உறிஞ்சும் பொருள். நீல ஒளியை ரத்தம் விழுங்கிவிடும் என்று நேற்றிரவு எழுதினேன். வாயிலுள்ள கிருமிகளைக் கொல்ல ஆய்வுகளில் பயன்படுத்துகிறார்கள். மஞ்சள் பால் குடித்துவிட்டு வெயிலில் நிற்பதால் நாக்குக் கட்டி கரையாது.

பிப்ரவரி 11

தடைகள். ஒளியின் ஆழம் முதல் தடை. இரண்டாவது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. ஊசியில் ஏற்றிய துகள் கட்டிக்குப் போய்ச் சேருகிறதா?

கட்டியின் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் கட்டிய வீடு போல ஓட்டையும் இடுக்குமாக இருக்கும். அந்த இடுக்கு வழியே பெரிய மூலக்கூறுகள் கசிந்து கட்டிக்குள் தங்கிவிடுகின்றன என்று 1986-இல் ஜப்பானைச் சேர்ந்த மட்சுமுரா, மயேடா இருவரும் காட்டினார்கள். நானோ மருத்துவம் முழுவதும் இந்த நம்பிக்கையின்மேல் எழுந்தது. பிறகு 2016-இல் பத்தாண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். ஊசியில் ஏற்றிய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொள்கின்றன, அந்நியப் பொருளை வடிகட்டுவது அவற்றின் வேலை. அதுவும் எலிகளில் பார்த்த கணக்கு. எலியின் கட்டி வேகமாக வளர்வது, ஓட்டை அதிகம் உள்ளது. மனிதக் கட்டி அப்படி இல்லை.

மூன்றாவது தடை ஆக்சிஜன். 7-ஆம் தேதிக் குறிப்பில் அதைப் போகிற போக்கில் சொன்னேன், அதை விரிக்க வேண்டும். பெரிய கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாகப் போகாது, ஆக்சிஜன் குறைவு. ஒளியைக் கொடுக்கக் கொடுக்க இருக்கிற ஆக்சிஜனும் செலவாகிறது. எங்கள் கதிர்வீச்சிலும் இதே சிக்கல்தான். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்லக் கூடுதல் அளவு கதிர் வேண்டும். ஒளிச் சிகிச்சையில் இதற்கு மாற்றாக, ஒளியை விட்டுவிட்டுக் கொடுத்துப் பார்க்கிறார்கள். கட்டிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைத்து அங்கேயே ஆக்சிஜன் தயாரிக்கும் மாங்கனீசு டைஆக்சைடு துகள்களையும் செய்கிறார்கள். என் மனதுக்கு மிகவும் பிடித்த யோசனை இது. இப்போதைக்கு இதுவும் எலிகளில்தான்.

பிப்ரவரி 12

தங்க பஸ்பம் பற்றிக் கேட்டுத் தனியாகப் பலர் எழுதிவிட்டார்கள். கோயில் அன்னதானக் கூடத்திலும் இதே பேச்சு. நேரடியாகச் சொல்கிறேன். பஸ்பத்தில் இருக்கும் தங்கத்தின் அளவும் வடிவமும் எந்த ஒளிக்கும் பொருத்திச் செய்யப்பட்டவை இல்லை. விழுங்கியது கட்டிக்குப் போய்ச் சேர வழி இல்லை. சில உலோக மருந்துகளில் பாதரசமும் ஈயமும் இருந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. அறுவைக்கு முன்னால் அத்தான் எதையெல்லாம் சாப்பிடுகிறார் என்பதை மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும்.

ஆனால் ஒளியால் வேலை செய்யும் மருந்து நம் மரபில் இல்லாமல் இல்லை. அது தங்கத்தில் இல்லை, கார்போகரிசியில் இருக்கிறது. என் ஆயா குளியல் பொடியில் சேர்ப்பார்கள். வெண்புள்ளிக்குக் கார்போகரிசியை அரைத்துப் பூசி வெயிலில் உட்காரவைப்பது பழைய வைத்தியம். அதில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. புற ஊதா ஒளி பட்டதும் அது செல்லின் டிஎன்ஏ இழைகளைப் பின்னிப் பூட்டிவிடும். இங்கே ஆக்சிஜனுக்கு வேலை இல்லை, ஆகவே இது ஃபோட்டோடைனமிக் வகையைச் சேராது. 1970-களில் சோரலெனையும் புற ஊதா ஒளியையும் சேர்த்துச் சொரியாசிசுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு தோலில் வரும் லிம்ஃபோமா என்ற ஒருவகை நிணநீர்ப் புற்றுக்கும் அது பயன்பட்டது. நோயாளியின் ரத்தத்தின் ஒரு பகுதியை வெளியே எடுத்து, வெள்ளணுக்களில் இந்த மருந்தைச் சேர்த்து, ஒளியில் காட்டி, திரும்ப உடலில் ஏற்றும் முறைக்கு 1988-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஒளியை உடலுக்குள் அனுப்ப முடியாவிட்டால் செல்லை வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்த யோசனையைப் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒன்று சொல்லாவிட்டால் குற்றமாகும்: சோரலென் சிகிச்சையை நெடுங்காலம் எடுத்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. வீட்டில் அரைத்துப் பூசி வெயிலில் உட்கார வேண்டாம்.

பிப்ரவரி 13

ஃபோட்டோஃபிரின் எடுத்தவர் குறைந்தது 30 நாள் வெயிலிலும் பளீரென்ற விளக்கிலும் படாமல் இருக்க வேண்டும். சன்ஸ்கிரீன் உதவாது. அது தடுப்பது புற ஊதாவை, இந்தச் சாயம் விழித்துக்கொள்வது கண்ணுக்குத் தெரியும் ஒளியில். டர்பன் பிப்ரவரி வெயிலில் ஒரு மாதம் திரைச்சீலைக்குள் இருப்பதை எண்ணிப் பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு வெறுங்காலுடன் நாள் முழுவதும் நிற்பவர்கள் நாம். தங்கத் துகளில் இந்தத் தொல்லை இல்லை என்பது அதன் பெரிய நன்மை. வெயிலில் உள்ள சிதறிய ஒளி அதைச் சூடாக்கிவிடாது.

பிப்ரவரி 15

இதுவரை தங்கம் தங்கம் என்று பேசிவிட்டோம். நம் நாட்டில் இந்தத் துறையின் முதல் பெயர் தங்கத்தோடு வரவில்லை, ஒரு நீலச் சாயத்தோடு வருகிறது.

தெபெல்லோ ந்யோகாங் 1951-இல் லெசோத்தோவில் பிறந்தவர். சிறு வயதில் ஒரு நாள் பள்ளி, மறுநாள் ஆடு மேய்ப்பு. அப்படிப் படித்து, கனடாவில் முனைவர் பட்டம் பெற்று, 1992-இல் ரோட்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அவருடைய ஆய்வுப் பொருள் தாலோசயனின். பெயிண்டிலும் அச்சு மையிலும் நீலமும் பச்சையும் தரும் சாயக் குடும்பம் அது. அதன் நடுவில் தாமிரத்தை வைத்தால் வெறும் நிறம்தான். துத்தநாகத்தையோ சிலிக்கானையோ வைத்தால் சிவப்பு ஒளியை உறிஞ்சிச் சிங்லெட் ஆக்சிஜனை உண்டாக்கும் மருந்தாக மாறுகிறது. அவருடைய குழு இந்தச் சாயத்தைத் தங்கத் துகளோடும் குவாண்டம் புள்ளிகள் என்ற நுண்ணிய குறைக்கடத்தித் துகள்களோடும் காந்தத் துகளோடும் பிணைத்துப் பார்க்கிறது. 2009-இல் லோரியால்-யுனெஸ்கோ விருது பெற்றார். ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் லேசர் ஆய்வு மையத்தில் ஹைடி ஆப்ரஹாம்சே தலைமையிலும் இதே துறையில் வேலை நடக்கிறது. நம் பிள்ளைகள் இந்தப் பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையில் பெரும்பகுதி இன்னும் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளரும் செல்களில்தான் நடக்கிறது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோட்ஸ் இருப்பது கிழக்குக் கேப் மாகாணத்தில். பழைய டிரான்ஸ்கை பகுதியும் அங்கேதான். உணவுக்குழாய்ப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாக வரும் இடங்களில் அது ஒன்று. எங்கள் பிரிவுக்கு அங்கிருந்து பஸ்ஸில் வருவார்கள். கஞ்சிகூட இறங்காது, தண்ணீர் மட்டும் மெல்ல மெல்ல இறங்கும். உடம்பு எலும்பாகியிருக்கும். பெரும்பாலோருக்கு எங்களால் செய்ய முடிந்தது விழுங்குவதற்குச் சிறிது வழி திறந்துவிடுவது மட்டும்தான். ஒரு தாய் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சில முறை கதிர் கொடுத்த பிறகு தேநீரில் நனைத்த ரொட்டியை விழுங்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அது எத்தனை மாதத்துக்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அமெரிக்காவில் ஃபோட்டோஃபிரினுக்கு 1995-இல் கிடைத்த அனுமதியே அடைபட்ட உணவுக்குழாயைத் திறப்பதற்காகத்தான். குழாய்க்குள் எண்டோஸ்கோப் வழியாக ஒளி இழையைச் செலுத்தலாம், ஆழம் குறைந்த கட்டியை எரிக்கலாம். கிழக்குக் கேப் மக்களின் நோய்க்குப் பொருந்தும் சாயம் அந்த மாகாணத்திலேயே ஆராயப்படுகிறது. ஆய்வுக்கூடத்துக்கும் அந்த நோயாளிகளுக்கும் இடையிலுள்ள தூரம் குறைய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இந்த உரையாடல் இழையில் இத்தனை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

பிப்ரவரி 16

மெர்பேங்க் தங்கை நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: "தலை, கழுத்துக்கு இந்த வகையில் அனுமதி பெற்ற சிகிச்சை உலகில் எங்குமே இல்லையா?"

இருக்கிறது. டெமோபோர்ஃபின் என்ற மருந்துக்கு ஐரோப்பா 2001-இல் அனுமதி கொடுத்தது. மற்றச் சிகிச்சைகள் பலன் தராமல் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அது. 2020-இல் ஜப்பான் இன்னொன்றை அனுமதித்தது. அமெரிக்காவில் ஹிசடாகா கோபயாஷி குழு 2011-இல் வெளியிட்ட முறை. புற்றுச் செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் ஒன்றில் சாயத்தைப் பிணைக்கிறார்கள். ரத்தத்தில் ஏற்றி ஒரு நாள் கழித்து 690 நானோமீட்டர் சிவப்பு ஒளி. ஒளி பட்ட செல்லின் சவ்வு கிழிந்து செல் வெடித்துவிடும். அந்தச் சாயம் எது தெரியுமா? நேற்று எழுதிய தாலோசயனின் குடும்பத்தைச் சேர்ந்தது, நடுவில் சிலிக்கான் உள்ளது.

வேதியியலார் இதை நானோ துகள் என்று சொல்ல மாட்டார்கள். சரி. ஆனால் இடுக்கில் கசிந்து போகட்டும் என்று விடாமல், முகவரி எழுதி அனுப்பும் முறை இது. 11-ஆம் தேதி எழுதிய 0.7 சதவீதத்தைப் பார்த்து மனம் சோர்ந்தவர்கள் இதைக் கவனியுங்கள்.

தங்கையே, ஒன்றை அத்தானிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஜப்பானிலும் இதை யாருக்குக் கொடுக்கிறார்கள்? வெட்டி எடுக்க முடியாத அளவுக்குப் பரவியவர்களுக்கு, அல்லது சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் வந்தவர்களுக்கு. வெட்டி எடுக்க முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு அங்கேயும் முதலில் கத்திதான்.

பிப்ரவரி 16, இரவு

இன்னொரு யோசனை, என் பழைய வேலைக்கு நெருக்கமானது. ஒளி உள்ளே போகவில்லை என்றால், உள்ளே போகிற ஒன்றால் துகளை இயக்கலாம் அல்லவா? எங்கள் இயந்திரத்தின் எக்ஸ் கதிர் உடலின் ஒருபக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறும். ஹாஃப்னியம் ஆக்சைடு நானோ துகளைக் கட்டிக்குள்ளேயே நேராக ஊசி போட்டு, பிறகு வழக்கமான கதிர்வீச்சைக் கொடுத்தால், துகள் இருக்கும் இடத்தில் மட்டும் கதிரின் ஆற்றல் கூடுதலாக இறங்குகிறது. தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் வரும் மென்திசு சார்கோமா என்ற புற்றுக்கு ஐரோப்பாவில் 2019-இல் இதற்குச் சிஇ முத்திரை, அதாவது விற்பனைக்கான ஒப்புதல், கிடைத்தது. கல்லீரல் பிடித்துக்கொள்ளும் சிக்கலையும் இது பெருமளவு தாண்டிவிடுகிறது. ஒளி வழியைவிட இந்த வழி நம் ஊர்களுக்கு முன்னதாக வரும் என்பது என் கருத்து. புதிய விளக்கு வாங்க வேண்டியதில்லை, இருக்கும் இயந்திரம் ஓடினால் போதும்.

பிப்ரவரி 18

"இருக்கும் இயந்திரம் ஓடினால் போதும்" என்று நான் எழுதியதைப் படித்துவிட்டுப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் அண்ணா ஒருவர் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "ஓடுகிறதா?"

அதைப் பேசத்தான் வேண்டும். 2017-இல் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி அறிக்கை வெளியிட்டது. இயந்திரப் பழுது, மருத்துவர் பற்றாக்குறை, மாதக்கணக்கான காத்திருப்பு. நோயாளிகளின் உரிமை மீறப்பட்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் காலத்தில் நாங்கள் தொலைபேசியில் "இன்னும் அழைப்பு வரவில்லை, பொறுங்கள்" என்று சொல்ல வேண்டியிருந்தது. சிலர் அழைப்பு வருமுன்பே போய்விட்டார்கள். என் அத்தை மகனும் அவர்களில் ஒருவர். அவருக்கு இருந்ததும் வாய்ப் புற்றுநோய், கண்டுபிடித்தபோது சிறியது. அவர் காத்திருந்தது புதிய சிகிச்சைக்காக இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் கொடுக்கப்படும் சாதாரணக் கதிர்வீச்சுக்காக.

ஆகவே கையில் தேதி இருக்கும் ஒருவர் அதைத் தானாகக் கைவிடப்போகிறார் என்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அந்த முதல் பதில் கடுமையாக இருந்தது என்று சிலர் எழுதினீர்கள். அதை மாற்றப்போவதில்லை.

பிப்ரவரி 19

லேடிஸ்மித்திலிருந்து ஒருவர்: பிறவியிலேயே தோலில் நிறமி குறைந்த அல்பினிசம் உள்ள தன் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முகத்தில் சொரசொரப்பான திட்டுகள், இந்த ஒளிச் சிகிச்சை உதவுமா?

இதற்கு மட்டும் தயங்காமல் பதில் சொல்ல முடியும். வெயிலால் வரும் அந்தத் திட்டுகள் பெரும்பாலும் ஆக்டினிக் கெரட்டோசிஸ், புற்றாக மாறக்கூடியவை. அமினோலெவுலினிக் அமிலம் பூசி ஒளி கொடுப்பது அதற்கென்றே 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பூசிய பொருளைத் தோல் செல்லே ஒளியுணர் பார்ஃபிரினாக மாற்றிக்கொள்கிறது. ஊசி இல்லை, ஆழப் பிரச்சினை இல்லை. இருந்தாலும் எந்தத் திட்டு இன்னும் திட்டு, எது புற்றாகிவிட்டது என்று தோல் மருத்துவர் பார்த்த பிறகுதான் எதுவும். உறைய வைத்து அகற்றும் எளிய முறையும் உண்டு, அது பல இடங்களில் கிடைக்கும். தொப்பி, முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன் இன்றே தொடங்கலாம். பிள்ளையை விரைவில் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 22

அத்தான் அறுவைக்குச் சம்மதித்துவிட்டார் என்று தங்கை எழுதியிருக்கிறார். 16-ஆம் தேதிக் குறிப்பைப் படித்துக் காட்டினாராம். ஜப்பானிலும் முதலில் கத்திதான் என்றதும் மனம் மாறிவிட்டாராம்.

தங்கையே, இனிச் செய்ய வேண்டியவை. அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்படலாம் என்றால், அதற்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்துக் கெட்ட பற்களை எடுத்துவிட வேண்டும். கதிர்பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். பேச்சுப் பயிற்சியாளரை அறுவைக்கு முன்பே சந்தித்துவிடுங்கள், விழுங்கும் பயிற்சியும் அவர்கள்தான் தருவார்கள். புகையிலையோ பாக்கோ இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். அக்காவிடம் எடைத் தராசு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எடை குறையத் தொடங்கினால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். கதிர்வீச்சுக்காகத் தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி போடும் நாளில் அவருக்கு மூச்சு முட்டுவதுபோல இருக்கும். இயந்திரம் இயக்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கையை உயர்த்தியதும் நிறுத்திவிடுவார்கள்.

மார்ச் 1

வெருலத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறாள், இந்த ஆண்டு பள்ளி இறுதி வகுப்பான மெட்ரிக். இந்த இழை முழுவதையும் படித்தாளாம். ந்யோகாங் செய்கிற வேலையைச் செய்ய வேண்டுமானால் மருத்துவம் படிக்க வேண்டுமா என்று கேட்கிறாள்.

வேண்டியதில்லை, கண்ணு. அவர் வேதியியலர். கணிதமும் இயற்பியல்-வேதியியலும் இந்த ஆண்டு உன் கையில் இருக்க வேண்டும், கணிதத்துக்குப் பதிலாகக் கணித எழுத்தறிவு என்ற எளிய பாடத்தை எடுத்திருந்தால் இந்தக் கதவு திறக்காது. இளங்கலையில் வேதியியலோடு உயிர்வேதியியலையோ இயற்பியலையோ சேர்த்து எடு. தாலோசயனின் செய்வது கரிம வேதியியல், அது எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பது இயற்பியல், செல் செத்ததா என்று பார்ப்பது உயிரியல். மூன்றையும் ஒரே ஆள் கற்க முடியாது. ஒன்றில் ஆழமாகவும் மற்ற இரண்டில் பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்கும் இருந்தால் போதும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாள்கள் ஆண்டின் நடுவிலேயே வந்துவிடும், தேர்வு முடியட்டும் என்று இருந்துவிடாதே. விண்ணப்பக் கடிதத்தை எழுதி எனக்கு அனுப்பு, படித்துத் திருத்தித் தருகிறேன்.